கையைப் பின்னால் கட்டிய ஆள்

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரத்தில் நாற்பது பேரைப் பெருக்கிக் குப்பையில் கொட்டிவிட்டேன். கடவுள் அறிய, தெரிந்து செய்ததில்லை.

அது கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற அலுவலகம். ஏழாவது மாடி. ஜன்னலோரம் ஒரு நீள மேசை இருக்கும். வீடு, அரங்கம், நூலகம் என்று எதைக் கட்டப் போகிறார்களோ அதை முதலில் அந்த மேசையில் அட்டையில் சின்னதாகச் செய்து பார்ப்பார்கள். மாடல் என்பார்கள். அன்று மேசை ஓரத்தில் ஒரு பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் வெள்ளை அட்டைச் சீவல் குவிந்து கிடந்தது. வெட்டி மிஞ்சியது என்று நினைத்தேன். தாளோடு சுருட்டிக் கூடையில் போட்டேன். கூடை கீழே போனது, கீழே இருந்தது வண்டியில் ஏறிப் போயே விட்டது.

பதினோரு மணிக்கு மேடம் வந்தார். அந்த அலுவலகம் அவருடையது. மாடலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஆளுங்க எங்கே?" என்றார்.

சீவலுக்குள் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரமான ஆட்கள். நின்றவர், நடந்தவர், பிள்ளையைக் கையில் பிடித்தவர் என்று இரண்டு நாளாக உட்கார்ந்து பிளேடால் வெட்டி வைத்திருந்தாராம் அந்த மேசைக்காரர். நாலு மணிக்கு அரங்கம் கட்டச் சொன்ன பெரிய மனிதர்கள் பார்க்க வருகிறார்கள். ஆள் இல்லாத மாடலை அவர்கள் முன் வைக்க முடியாது. கட்டடம் எவ்வளவு பெரியது என்று அந்த ஆட்களைப் பார்த்துத்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

மேசைக்காரர் காலி இடத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் மேடம் பக்கம் திரும்பி, "ஆளுங்க கொஞ்சம் தடிமனா வந்துட்டாங்க மேடம். எனக்கே பிடிக்கல, நான்தான் தூக்கிப் போட்டேன். நாலு மணிக்குள்ள வேற ஆளுங்க வந்துடுவாங்க" என்றார்.

மேடம் விடவில்லை. முப்பது வருஷம் வேலை பார்த்தவர் கடைசி நேரத்தில் இப்படிச் செய்யலாமா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். சாப்பிடப் போகவில்லை. நாலு மணி வரைக்கும் குனிந்த தலை நிமிராமல் நாற்பது பேரை மறுபடி வெட்டி, ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு பொட்டுப் பசை வைத்து நிறுத்தினார். நான் இடையில் போய் நின்றேன். கத்தியைக் கீழே வைக்காமலே அவர் சொன்னார்: "பயப்படாதீங்கம்மா. போனவங்க நாலு ஊரைச் சுத்திப் பார்த்துட்டு வரட்டும்."

அவரை எல்லோரும் அட்டை அண்ணன் என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். அவர் என்னைத் தங்கச்சி என்றார்.

அன்று மாலை தரை துடைத்த துணியை அலசும்போது மடிப்புக்குள் ஏதோ உறுத்தியது. எடுத்துப் பார்த்தால் ஒரு ஆள். நாற்பதில் தப்பியவர். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து எதையோ பார்ப்பது போல இருந்தார். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் அதை இடுக்கியில் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஈரத்தில் ஊறி ஓரம் மஞ்சளித்துப் போயிருந்தது.

"இவருக்குப் பதில் வேற ஆளை நிறுத்தியாச்சு. நீயே வச்சுக்கோ தங்கச்சி" என்றார்.

அந்த ஆளை என் வீட்டில் கடவுள் படத்துக்குப் பின்னால் வைத்தேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்த படிப்பெல்லாம் காலையில் விளக்கேற்றி நின்று, யார் யார் நன்றாக இருக்க வேண்டும் என்று பெயர் பெயராகச் சொல்வதுதான். அன்றிலிருந்து அந்த வரிசையில் அட்டை அண்ணனும் சேர்ந்துகொண்டார்.

ஐந்து வருஷம் அவர் மேசையைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

அவர் எந்த ஆளையும் சும்மா ஒட்ட மாட்டார். இவர் யார், எதற்கு இங்கே நிற்கிறார் என்று முடிவு செய்த பிறகுதான் பசை வைப்பார். "இந்தம்மா பொண்ணைப் பாட்டு வகுப்புல விட்டுட்டுக் காத்துட்டிருக்காங்க. இவரு டிக்கெட்டை வீட்லயே மறந்து வச்சுட்டு வந்துட்டாரு, பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்குறாரு." மேசையில் அட்டை ஏதாவது நகர்த்த வேண்டும் என்றால், "கொஞ்சம் வழி விடுங்கப்பா" என்று அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்த்துவார். வரைகிற இளவட்டங்கள் கிண்டல் செய்யும். உங்க ஆளுங்க சம்பள உயர்வு கேட்டாங்களாண்ணே என்று கேட்டால், அவங்க தங்கமானவங்க, உங்களை மாதிரி திங்கட்கிழமை தலைவலின்னு லீவு போட மாட்டாங்க என்பார்.

எல்லா மாடலிலும் ஒரே ஒரு ஆள் மட்டும் தனியாக நிற்பார். கையைப் பின்னால் கட்டியவர். மாடியில் ஏதாவது ஒரு ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் யார் என்று மட்டும் அண்ணன் சொன்னதில்லை. மேடம் ஒருமுறை கேட்டதற்கு, ஜன்னலோட உயரம் தெரியத்தான் மேடம் என்று முடித்துவிட்டார்.

அவருக்கு மனைவி போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள். நகரத்தின் அந்தக் கோடியில் கணவனோடும் குழந்தையோடும் இருந்தாள். இவர் இந்தக் கோடியில். நடுவில் மூன்று பேருந்து, இரண்டரை மணி நேரம். இந்த நகரம் நாலு பக்கமும் வழிந்து கொண்டே போகிறது. போன வருஷம் வெட்டவெளியாக இருந்த இடத்துக்கு இந்த வருஷம் பேருந்து போகிறது. ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் பேசுவாள். திங்கட்கிழமை காலை அவர் முகத்தைப் பார்த்தாலே போன் வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஒருமுறை காய்ச்சல் என்று அவர் மூன்று நாள் வரவில்லை. மாத்திரை வாங்கிக்கொண்டு நான் போனேன். மூன்றாவது மாடியில் ஒரே அறை. கட்டில், மடித்த போர்வை, ஒரு தட்டு, இரண்டு டம்ளர். இரண்டாவது டம்ளர் கவிழ்த்தபடி தூசி படிந்திருந்தது. ஜன்னலைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய். குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தத்தை வைத்து மேல்வீட்டில் யார் குளிக்கிறார்கள், மணி என்ன என்று சொல்வார். ஊருக்கெல்லாம் மாடல் செய்கிறவர் வீட்டில் ஒரு மாடல்கூட இல்லையே என்று கேட்டேன்.

"இந்த வீட்டுக்கு மாடல் எதுக்கு தங்கச்சி? ஒரு தீப்பெட்டியை எடுத்துக் குச்சியைக் கொட்டினா ஆச்சு."

சிரித்தேன். படி இறங்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் எத்தனையோ வீடு செய்திருக்கிறார். பேருந்தில் ஒன்றாகப் போனால் காட்டுவார். கண்ணாடியும் சாம்பல் நிறச் சுவரும் மரச்சட்டமுமாகப் பெட்டி பெட்டியாக நிற்கும் புது வீடுகள். "அந்த வீட்டுக்கு மூணு தரம் படிக்கட்டை மாத்தினேன். அதோ, அதுல வீட்டுக்காரம்மா சமையலறையில அழறது வெளிய தெரியக் கூடாதுன்னு ஒரு சுவர் கேட்டாங்க." எல்லா வீட்டின் உள்ளும் அவர் விரலுக்குத் தெரியும். ஒன்றிலும் அவர் கால் வைத்ததில்லை.

ஒரே ஒரு முறை வைத்தார். என்னால் நாற்பது பேரை இழந்த அந்த அரங்கம் மூன்று வருஷத்தில் கட்டி முடிந்தது. திறப்பதற்கு முந்தின நாள், மாடலை அங்கே வாசல் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார்கள். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, சாமான் ஏற்றும் வழியாக உள்ளே போனோம்.

அம்மாடி, அவ்வளவு பெரிய இடம். பூசாத சுவர். பலகை அடித்த கோடுகள் அப்படியே சிமெண்டில் பதிந்திருந்தன. கூரையில் நீளக் கிழிசல் போலத் திறப்பு விட்டு, அதன் வழியாக வெயில் தரையில் ஒரு பட்டையாக விழுந்தது. மாடலைப் பெட்டிக்குள் இறக்கி வைத்ததும், நான் வாயைப் பிளந்து நிற்க, அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "இங்கேருந்து பதினாலு எட்டு. அப்புறம் மூணு படி. வலது பக்கம் சரிவுப் பாதை" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். ஒரு எட்டுகூடப் பிசகவில்லை. மேலே போனதும், உயரமான ஒரு ஜன்னலுக்கு முன்னால் நின்றார். அங்கேதான் மாடலில் அந்தத் தனி ஆளை ஒட்டியிருந்தார். கண்ணைத் திறந்தார். யாரும் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து வெளியே பார்த்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் வீட்டில் கடவுள் படத்துக்குப் பின்னால் நிற்பது யார் என்று.

காவலாளி ஓடி வந்து, யாருங்க நீங்க, மேல வரக் கூடாது என்றார்.

"இந்தக் கட்டடத்தை உங்களுக்கு முன்னாடியே ஒருதரம் கட்டினவன்" என்றார் அண்ணன்.

"அப்ப பாஸைக் காட்டுங்க."

பாஸ் இல்லை. இறங்கிவிட்டோம். மறுநாள் திறப்பு விழாவுக்கு அலுவலகத்தில் எல்லோரும் போனார்கள். எங்களுக்கு அழைப்பு இல்லை. ஆயிரம் பேர் வந்தார்களாம். அண்ணன் மேசையில் உட்கார்ந்து வேறு ஒரு வீட்டுக்குச் சுவர் வெட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த வருஷம் மகள் வீடு கட்ட ஆரம்பித்தாள்.

அந்தத் திங்கட்கிழமை அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மனை வாங்கி, தெரிந்த பொறியாளரிடம் வரைபடமும் போட்டாயிற்றாம். அலுவலகத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஒன்றரை வருஷத்துக்கு முன்பு, சொந்த வீடு என்று ஒன்று கட்டினால் நீங்கள் எங்களோடு வந்துவிட வேண்டும் என்று மகள் அவரைக் கேட்டிருந்தாள். அதை அவர் நெஞ்சில் முடிந்து வைத்திருந்தார். வீடு முடிய எட்டு மாதம் ஆகும் என்றதும், தான் இருந்த அறையின் சொந்தக்காரரிடம் எட்டு மாதத்தில் காலி செய்கிறேன் என்று சொல்லியும்விட்டார். சொந்தக்காரர் உடனே தன் தங்கை குடும்பத்துக்கு அந்த அறையைப் பேசி முடித்துவிட்டார்.

மகளிடம் எதுவும் சொல்லாமல், அவள் போனில் அனுப்பிய வரைபடத்தை மேடத்திடம் கேட்டு அச்செடுத்தார். மாடல் செய்து கொடுத்து அசத்தப் போகிறாராம். தினம் வேலை முடிந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து வெட்டுவார். முதல் வாரம் வாயில் பாட்டு. இரண்டாவது வாரம் பாட்டு நின்றது. மூன்றாவது வாரம் ஆட்களிடம் பேசுவதும் நின்றது.

எனக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. "உங்க ரூம் எதுண்ணே?" என்று நான் கேட்டதற்கு, வேலை முடியட்டும் தங்கச்சி என்றார்.

அந்த வரைபடத்தில் அவருக்கு அறை இல்லை. கீழே கூடம், சமையல், கார் நிறுத்த இடம். மேலே அவர்கள் படுக்கை, குழந்தைக்கு ஒரு அறை, மருமகன் கணினியில் வேலை பார்க்க ஒரு அறை, உடற்பயிற்சி மெஷினுக்கு ஒரு அறை. முப்பது வருஷத்துக்கு மேல் வரைபடம் படித்த மனிதர் அதை முதல் நாளே பார்த்திருப்பார். நம்பத்தான் இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மாடல் முடிந்தது. என்ன அழகு! கூரையைத் தனியாகத் தூக்கலாம், மாடியைத் தனியாகத் தூக்கலாம். உள்ளே கட்டில், சோபா, குழந்தையின் மேசை. மகள் கூடத்தில் நிற்கிறாள், மருமகன் படியில் இறங்குகிறார், பேத்தி குனிந்து எதையோ பொறுக்குகிறாள். மூன்றே பேர். நான் எல்லா ஜன்னலையும் தேடிப் பார்த்தேன். கையைக் கட்டியவரைக் காணோம்.

மனுஷருக்கு வெட்கம் போலிருக்கிறது, தன்னையே தான் வைத்துக்கொள்ளக் கூசுகிறார் என்று நினைத்தேன். கீழே சமையலறையை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. அதில் மட்டும் எந்தச் சாமானும் இல்லை. சரி, இதுதான் அண்ணன் அறை, வந்த பிறகு தனக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார் என்று என் புத்தி சொன்னது. மறுநாள் காலை கடவுள் படத்துக்குப் பின்னாலிருந்த ஆளை எடுத்து, கும்பிட்டு, காகிதத்தில் மடித்துக் கொண்டுபோனேன். யாரும் வருவதற்குள் அந்த அறையில் சுவரில் சாய்த்து நிறுத்தினேன். மற்ற மூவருக்குப் பக்கத்தில் பாதி உயரம்தான் இருந்தார். வயதானால் ஆள் குறுகுவது உண்டுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அது சாமான் போட்டு வைக்கும் அறை. ஸ்டோர். மாடலில் ஸ்டோருக்குள் எதுவும் வைப்பதில்லை என்பது அந்த வேலையில் வழக்கம். அது எனக்குத் தெரியாது. ஆட்களிலும் இரண்டு அளவு உண்டு. பெரிய கட்டடத்து மாடலுக்குச் சின்ன ஆள், வீட்டு மாடலுக்கு அதைப் போல இரண்டு மடங்கு ஆள். அதுவும் தெரியாது. ஐந்து வருஷம் துடைத்தேனே தவிர, ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மகள் வந்தாள். நல்ல பெண். என்னைப் பார்த்து, அப்பா உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்காருக்கா என்றாள். மாடலைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கூரையைத் தூக்கினாள், மாடியைத் தூக்கினாள். "ஐயோ, இது நானு. இது அவரு. பாப்பா பாருங்க, கீழ விழுந்ததைப் பொறுக்குறா." கண்ணில் தண்ணீர் நின்றது. "நீங்க எங்கப்பா?"

"மாடல் செய்றவன் மாடலுக்குள்ள இருக்கக் கூடாதும்மா" என்றார் அண்ணன்.

நான் துடைப்பத்தோடு ஓரமாக நின்று, அந்த அறையைப் பார்க்கட்டும், அந்த அறையைப் பார்க்கட்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டிருந்தேன். பார்த்தாள்.

"இது யாருப்பா? ஸ்டோர்ல ஒருத்தர் நிக்கிறாங்க?"

அண்ணன் எட்டிப் பார்த்தார். ஒரு கணம்தான். அவர் கண் நேராக என்னிடம் வந்தது. நாற்பது பேரைக் கொட்டிய அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

"வேலைக்கு வர்ற அக்காவா?" என்றாள் மகள்.

"ஆமாம்மா" என்றார் அவர். "குனிஞ்சு பெருக்குறாங்க. அதான் சின்னதாத் தெரியறாங்க."

மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அந்தச் சின்ன ஆளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு யாரும் பெருக்குவதில்லை. அவள் அவருடைய மகள்தானே, அப்பா நிற்கிற விதம் தெரியாதா.

"அப்பா, நான் கேட்டேன். நீங்கதான் பார்க்கலாம்னு சொன்னீங்க. உங்களுக்கு இங்கதான் சௌகரியம்னு அவரும் சொன்னாரு. அதனாலதான்..."

"நான்தானே சொன்னேன். நீ சரியாத்தான் செஞ்சிருக்கே. ஸ்டோர் கொஞ்சம் பெருசாவே வச்சிருக்கே, நல்லதுதான்."

"அஸ்திவாரம் போட்டாச்சுப்பா."

"தெரியும்மா. வண்டியில எடுத்துட்டுப் போறப்ப ஆடும். ஒரு நிமிஷம் இரு."

அவர் இடுக்கியை எடுத்து, ஸ்டோரில் சாய்ந்திருந்த அந்த ஆளைத் தூக்கினார். எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். காலடியில் ஒரு பொட்டுப் பசை வைத்தார். இருந்த இடத்திலேயே நேராக நிறுத்தி, காயும் வரை விரலால் பிடித்துக்கொண்டார். பிறகு கூரையை மூடி, பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். அறையைக் காலி செய்வதாகச் சொன்னதைப் பற்றி மகளிடம் அவர் வாயே திறக்கவில்லை.

அவள் போன பிறகு நான் அழுதுவிட்டேன். பெரிய மனுஷி போல நான் செய்த வேலையால் அவருக்கு இப்படி ஆயிற்றே என்று. அவர் மேசையில் சிந்தியிருந்த பசையைச் சுரண்டியபடி பேசினார்.

"அந்த ஆள் வேற அளவு தங்கச்சி. பெரிய கட்டடத்து ஆள். வீட்டுக்குள்ள வச்சா பொருந்த மாட்டாரு."

"பார்க்கலாம்னு ஏண்ணே சொன்னீங்க? வர்றேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

சுரண்டிய பசைத் துணுக்கை ஊதித் தள்ளினார். "முதல் தடவை கூப்பிட்டதும் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட முடியுமா? இன்னொரு தடவை கூப்பிடட்டும்னு இருந்தேன். ரெண்டாவது தடவை வரைபடம்தான் வந்துச்சு."

இப்போதாவது வாயைத் திறந்து கேளுங்கள், பெற்ற பெண்ணிடம் என்ன மானம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். வரைபடத்தில் இல்லாதது கட்டடத்தில் வராது என்றார். வம்பாக வரவழைத்தால் விரிசல் விடும் என்றார்.

பேசிய வார்த்தையை மாற்றி அறையின் சொந்தக்காரரிடம் போய் நிற்கவும் அவருக்கு மனம் வரவில்லை. சொந்தக்காரரின் தங்கை, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைக்கூட மாற்றிவிட்டாளாம். அந்த எட்டு மாதமும் வழக்கம் போல வேலைக்கு வந்தார், வழக்கம் போலச் சிரித்தார். ஆனால் அதன் பிறகு செய்த எந்த மாடலிலும் ஜன்னலோரம் யாரும் நிற்கவில்லை. மேடம்கூடக் கவனித்துக் கேட்டார். இப்ப எல்லா ஜன்னலும் ஒரே உயரம்தானே மேடம் என்றார்.

நகரத்துக்கு வெளியே, பேருந்து திரும்புகிற கடைசி நிறுத்தத்தையும் தாண்டி, முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்பு எங்கள் அலுவலகத்தில் வரைந்தது. அதற்கும் அவர்தான் மாடல் செய்திருந்தார். அங்கே போவதாக ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார், கடைக்குப் போய் வருகிறேன் என்பது போல.

"கிழக்குப் பக்கம் மூணாவது ரூம் கேட்டிருக்கேன். காலை வெயில் கட்டில் வரைக்கும் வரும். நான்தானே ஜன்னல் வெட்டினேன், எனக்குத் தெரியாதா? அந்த முற்றத்துல எட்டு பேரை நிறுத்தினேன். ஒருத்தர் குறையுதேன்னு அப்பவே தோணுச்சு."

விஷயம் தெரிந்து மகள் ஓடி வந்தாள். அலுவலகத்துக்கே வந்து அழுதாள். கூடத்தில் ஒரு கட்டில் போடுகிறேன், பயிற்சி மெஷினை விற்றுவிடுகிறேன் என்றாள். அவர் அவள் தலையில் கையை வைத்து, அங்கே டாக்டர் பக்கத்திலேயே இருக்கிறார், பேச ஆள் இருக்கிறது, உன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தால்தான் எனக்கு மரியாதை என்று எதையெல்லாமோ சொல்லி அனுப்பினார். அவள் மனம் ஆறித்தான் போனாள். அந்த ஆற்றலை அவருக்குக் கடவுள் கொடுத்திருந்தார். தனக்கு மட்டும் அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் அவர் காலமாகிவிட்டார் என்று மேடம் சொன்னார். காலை நேரம், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியாம். எனக்குச் சேதி வந்தபோது நாலு நாள் ஆகியிருந்தது. மகள் வீட்டுக் கூடத்தில் அந்த மாடல் கண்ணாடிக்குள் இருக்கிறதாம். ஸ்டோரில் அந்த ஆள் இன்னும் நிற்கிறாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பசை நல்ல பசை.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அவர் கிளம்பிய அன்றைக்குத்தான். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பை. இடுக்கியும் பிளேடுகளும் அலுவலக மேசையிலேயே இருந்தன. பேருந்து நிறுத்தம் வரை கூட நடந்தேன். எதிரில் புதிதாக எழும்பும் கட்டடத்தைப் பார்த்து, நாலாவது மாடியில் வளைவு சரியாக வரவில்லை என்று குறை சொன்னார். பேருந்து வந்தது. மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறேண்ணே என்றேன். மூன்று பேருந்து மாற வேண்டுமே, உனக்கு எதற்குச் சிரமம் என்றார். நான் பார்க்கலாம் என்று சொல்லவில்லை, வர்றேன் என்றுதான் சொன்னேன். ஆனால் போகவில்லை. என் மருமகளுக்குப் பிரசவம், பிறகு என் முழங்கால் என்று ஏதேதோ வந்துவிட்டது. தினம் காலையில் அவர் பெயரை மட்டும் விடாமல் சொன்னேன்.

அன்று பேருந்துப் படியில் ஏறியவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஏற நின்றவர்கள் நகருங்க, நகருங்க என்று சத்தம் போட்டார்கள். அவர்களுக்கு வழி விட்டு ஓரமாக ஒதுங்கி நின்று, வெளியே தலையை நீட்டிச் சொன்னார்:

"பார்த்துப் பெருக்கு தங்கச்சி. ஆளுங்க இருப்பாங்க."